பொயிலரின் வெயில் பெட்டி யாருடைய கூரையில்?

சங்கத் தலைவரே, நீர் கள்ளன். உமது குளியலறைக் கூரையில் இருக்கிற வெயில் பெட்டி உம்முடையது அல்ல. அது எங்கள் பிரசவ விடுதியின் கூரைக்கென்று செய்யப்பட்டது. செய்தவர் பொயிலர் அண்ணை. இதை உமது வாசலுக்கு வந்தே சொல்லியிருக்கிறேன். நீர் கதவைச் சாத்தினீர். போன மாதம் பள்ளிக்கூட மண்டபத்தில், தீவுப்பகுதியில் வெயிலால் தண்ணீர் சுடவைத்த முதல் மனிதர் என்று சொல்லி உமக்குப் பொன்னாடை போர்த்தார்கள். நீர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டீர். அதனால்தான் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எழுதுகிறேன். இந்தக் கதவை உம்மால் சாத்த ஏலாது.

வாசகர்களுக்குப் பொயிலரைத் தெரியாது. வெயிலைத் திட்டுகிற சனம் எங்கும் உண்டு. வெயில் வீணாகிறது என்று ஊரைத் திட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இறுப்பிட்டியில் இருந்தார்.

எங்கள் தீவுக்காரர் தெற்கே போய்க் கடை வைப்பது புதினம் அல்ல. பொயிலரும் பண்டாரவளையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். குளிர்ந்த ஊர். கடையின் நடுவில் தண்ணீர் கொதிக்கிற ஒரு பெரிய செப்புப் பொயிலர். அதை வேறு யாரும் தொட விடமாட்டாராம். அதனால்தான் அந்தப் பெயர். ஐம்பத்தெட்டில் கலவரம் வந்தபோது மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் கட்டிக்கொண்டு ஓடினார்கள். இவர் பொயிலரின் பித்தளைக் குழாயைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"பொயிலரைக் கொண்டுவர ஏலாமல் போச்சு. அதின்ரை வாயையெண்டாலும் கொண்டு வந்தனான்" என்று எல்லோருக்கும் அந்தக் குழாயை எடுத்துக் காட்டுவார்.

ஊருக்கு வந்த பிறகு அவருக்கு ஒரு பழக்கம். வெயிலில் எது கிடந்தாலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். பஸ்ஸின் முன்மூடி, கோயில் வீதியில் கிடக்கிற கல், கட்டி நிற்கிற மாட்டின் முதுகு. தபால் கந்தோர்க் கிளாக்கரின் வழுக்கைத் தலையிலும் ஒருநாள் வைத்தார். "முட்டை அவியும்" என்றார். கிளாக்கர் அதற்குப் பிறகு பொயிலரின் காகிதங்களைக் கடைசியாகத்தான் கொடுத்தனுப்புவார்.

ஒரு செத்தவீட்டில் பறை அடிக்க வந்தவர் மேளத்தின் தோலை இறுக்குவதற்கு ஓலையைக் கொளுத்தி அனல் காட்டிக்கொண்டிருந்தார். பொயிலர் அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"உச்சி வெயில் கொட்டிக்கொண்டு நிக்குது. நீர் என்னத்துக்கு ஓலை எரிக்கிறீர்? மேளத்தை வெயிலிலை வையும்."

"வைச்சால் நேரம் எடுக்குமெல்லோ, அண்ணை."

"கிடக்கிறவருக்கு என்ன அவசரம்?"

பிணத்தின் சொந்தக்காரர்கள் அவரைப் பிடித்து வெளியே விட்டார்கள். அவர் வெளியில் நின்றுகொண்டும் புகையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

தேநீர் குடிக்கிற சூட்டை வைத்துத்தான் ஆட்களை மதிப்பிடுவார். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவர் நம்பத் தகுந்தவர். சங்கத் தலைவரே, நீர் பீரிசில் ஊற்றி ஆற்றிக் குடிப்பீர். பொயிலர் இதை என்னிடம் அந்தக் காலத்திலேயே சொன்னார். நான் சிரித்தேன்.

நான் அந்தப் பிரசவ விடுதியில் மருத்துவிச்சி. ஊர் அல்லைப்பிட்டி, கடலுக்குப் போகிற குடும்பம். விடுதி சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. கட்டில் இருந்தது, கிணறு இருந்தது. விறகு இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு வேப்பிலையும் நொச்சியும் பாவட்டையும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் வார்க்க வேண்டும். அது இல்லாமல் எங்கள் தீவுகளில் எந்தத் தாயும் மகளை வீட்டுக்குக் கூட்டிப்போக மாட்டாள். விறகைப் பிள்ளை பெறுகிறவளின் வீட்டார்தான் கொண்டுவர வேண்டும். எங்களிடம் காடு ஏது? இருக்கிறது பனை. காவோலையை வரிந்து கட்டிக்கொண்டு வருவார்கள். மழை பெய்தால் அது எரியாது. புகைக்கும்.

பொயிலரின் மகள் மார்கழியில் பிள்ளை பெற்றாள். இரவு முழுக்க மழை. கொண்டுவந்த ஓலை எல்லாம் ஈரம். நானும் ஆயாவும் குசினியில் ஊதி ஊதிக் கண் வீங்கினோம். தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேலே வரவில்லை. அதைத்தான் வார்த்தோம். பெட்டை நடுங்கிக்கொண்டு கிடந்தாள். பல்லுக் கிட்டுகிற சத்தம் விறாந்தை வரைக்கும் கேட்டது. அதற்குள் மழை விட்டு, கண் கூசுகிற வெயில் எறித்தது. பொயிலர் விறாந்தையில் நின்று ஒருதரம் வெளியே பார்த்தார், ஒருதரம் உள்ளே பார்த்தார்.

"வெளியிலை இவ்வளவு நெருப்பு நிக்குது, மிஸ். உள்ளை என்ரை பிள்ளை நடுங்குது. இதென்ன நியாயம்?"

"நியாயத்தைப் போய்ச் சூரியனிட்டைக் கேளுங்கோ" என்றேன். எனக்குப் புகையில் பேசப் பொறுமை இல்லை.

"ஓம். அவரிட்டைத்தான் கேக்கப்போறன்" என்றார்.

மகள் தேறி வீட்டுக்குப் போனாள். தகப்பன் போகவில்லை. அடுத்த கிழமை உச்சி நேரத்தில் விடுதிக் கூரையில் தடதட என்று சத்தம். ஒருத்திக்கு அப்போது நோவு. மேலே பார்த்தாள். கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓட்டுக்கு மேலே ஒரு மனித நிழல். அவள் போட்ட கூச்சலில் பிள்ளை சுகமாகப் பிறந்துவிட்டது. நான் வெளியே ஓடினேன். பொயிலர் சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு, கையில் ஓர் ஈர்க்குடன், கூரை முகட்டில் குந்தியிருந்தார். ஈர்க்கை நட்டு அதன் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் பொங்கியது. பொம்பிளைகள் பிள்ளை பெறுகிற கூரையில் ஒரு ஆம்பிளை. சங்கத் தலைவரே, நீரும் வந்தீர்.

"பொயிலர், இந்தக் கூரையிலை உமக்கு என்ன வேலை?"

"நான் கீழை பாக்கேல்லைத் தம்பி. மேலை பாக்கிறன்."

"வயசுக்கேத்த நடத்தை வேணும்."

"சூரியன் என்னிலும் பாக்க வயசு. அவர் தினமும் இந்தக் கூரையிலைதான் நிக்கிறார். அவரையும் இறக்கும்."

கடைசியில் ஓர் ஒழுங்குக்கு வந்தோம். ஏறுவதற்கு முன் அவர் மணி அடிக்க வேண்டும். தன் சைக்கிள் மணியைக் கழற்றி இடுப்பு நாடாவில் கட்டிக்கொண்டார். மணி கேட்டால் உள்ளே பெண்கள் சீலையை இழுத்து மூடுவார்கள். சில நாள் போக, மணி கேட்காவிட்டால், "இண்டைக்குக் கிழவனைக் காணேல்லையே, சுகமில்லையோ?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

திட்டம் இதுதான். பனம்பலகையில் ஒரு பெரிய பெட்டி. உள்ளே தகரம், அதற்கு மேலே வளைந்து வளைந்து போகிற இரும்புக் குழாய், எல்லாவற்றுக்கும் கறுப்பு மை. மேலே கண்ணாடி மூடி. பெட்டிக்கு மேல் உயரத்தில் ஒரு பீப்பாய். குழாய்க்குள் சூடாகிற தண்ணீர் தானாக ஏறிப் பீப்பாய்க்குள் போகும். குளிர்ந்தது இறங்கி வரும். தெற்கே ஒரு தோட்டத்தில் வெயிலில் கிடந்த கறுப்பு ரப்பர் குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்ட நாளிலிருந்து இது அவருக்குத் தலையில் இருந்ததாம். இரும்புக் குழாய்க்கு அவர் கண் எங்கள் உடைந்த கட்டில்களில் விழுந்தது. தாய்மார் கிடந்து கிடந்து கால் முறிந்த கட்டில்கள். அவற்றின் குழாய்களை அறுத்து ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய் ஒட்டுவித்து எடுத்துவந்தார். ஆகவே அந்தப் பெட்டியின் எலும்பு விடுதியின் எலும்பு. இதைத் தலைவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் முதலாவது கேள்வி, தண்ணீரை மேலே ஏற்றுவது யார் என்பது.

"பிள்ளைக்குத் தகப்பன்" என்றார் பொயிலர். "அவையள் வந்து வேலிக்கரையிலை நிண்டு வெத்திலை சப்புகினம். ஆளுக்குக் கொஞ்ச வாளி ஏணியிலை ஏத்தட்டும். ஒரு கஷ்டமும் படாமல் தகப்பனாகிறதோ?"

இரண்டாவது, மழை நாளில் என்ன செய்வது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. வெயில் நாளில் எரிக்காத ஓலை எல்லாம் காய்ந்து கொட்டிலில் இருக்கும், மழை நாளுக்கு அது உதவும். இதைக் கேட்டு நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

மூன்றாவதில்தான் கூட்டம் குழம்பியது. பெட்டி எந்தத் திக்கைப் பார்க்கும் என்று பொருளாளர் கேட்டார்.

"தெற்கை."

"பிள்ளை பிறக்கிற இடத்திலை யமன்ரை திக்கைப் பாக்கவோ? கிழக்கை வையும். உதிக்கிற பக்கம். மங்களமாயிருக்கும்."

"உதிக்கிற சூரியனைக் கும்பிடலாம். அவரைக்கொண்டு தண்ணி சுடவைக்க ஏலாது. மார்கழியிலை அவர் தெற்காலைதான் போறார். நான் போகச் சொல்லேல்லை."

"யமன் பாத்துக்கொண்டு நிப்பானே?"

"யமன் தண்ணிப் பெட்டியைப் பாத்தோ வாறவன்? அவனுக்கு ஒழுங்கை தெரியும்."

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. மறுநாள் காலை விடுதியின் தெற்குச் சுவரில் பெரிய சூலம் ஒன்று காவியில் கீறியிருந்தது. பொயிலர் வைரவரைக் காவலுக்கு வைத்திருக்கிறாராம். பக்கத்தில் கொஞ்சம் வெறுஞ்சுவர் விட்டிருந்தார்.

"மிஸ், இதிலை உங்கடை குருசையும் ஒண்டு கீறுங்கோ. ரெண்டு காவல் நிண்டால் யமன் ஆரோடை கதைக்கிறதெண்டு தெரியாமல் திரும்பிப் போடுவான்."

கீறினேன். அதற்குப் பிறகு தெற்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

கண்ணாடிக்குத்தான் அலைந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. பேக்கரிப் பாணுக்கே வரிசையில் நின்ற காலம். கடைகளில் கண்ணாடி இல்லை. பொயிலர் ஒரு சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். சுவரில் படம் மாட்டியிருக்கிற வீடெல்லாம் ஏறினார். முருகன் படம், லட்சுமி படம், கலியாணப் படம், செத்துப்போனவர்களின் படம். எல்லாவற்றிலும் கண்ணாடி இருந்தது.

"செத்தவைக்கு என்னத்துக்குக் கண்ணாடி? இனிப் பிறக்கப்போறதுகளுக்குக் குடுங்கோ" என்று கேட்பார். முதலில் திட்டுவார்கள். பிறகு விடுதியில் பிள்ளை பெற்ற மகளையோ மருமகளையோ நினைத்துக்கொள்வார்கள். ஆணியைக் கழற்றிக் கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் எங்கள் பக்கத்தில் தெய்வங்களும் முன்னோரும் கண்ணாடி இல்லாமல் நேரே எங்களைப் பார்த்தார்கள்.

என்னிடமும் வந்தார். என் அறையில் இருந்தது ஒரு படம்தான். திரு இருதய நாதர்.

"இதைத் தரமாட்டன், அண்ணை. இது என்ரை அம்மா தந்தது."

"படத்தைக் கேக்கேல்லை, மிஸ். அவர் தண்ணிக்கு மேலை நடந்தவரெல்லோ? அதே தண்ணியைக் கொஞ்சம் சுடவைக்க ஒரு கண்ணாடி தரமாட்டாரோ? அவரிட்டை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

கேட்காமலே கழற்றிக் கொடுத்தேன். அந்தக் கண்ணாடியின் ஒரு மூலையில் மெழுகுதிரிச் சூட்டில் வெடித்த கீறல் உண்டு, வளைந்த கீறல். தலைவர் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உம்மிடமும் அவர் வந்தார். உமது விறாந்தையில் தகப்பனாரின் ஆளுயரப் படம் இருந்தது. பெட்டியில் பாதியை அது ஒன்றே மூடியிருக்கும். "யோசிப்பம்" என்றீர். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறீர்.

சின்னதும் பெரிதுமான கண்ணாடிகளைப் பனஞ்சட்டங்களுக்குள் பொருத்தி, இடுக்குகளை அடைத்து, பெட்டியை விடுதி முற்றத்தில் வைத்து முதலில் பரிசோதித்தார். பீப்பாயின் அடியில் பண்டாரவளைப் பித்தளைக் குழாயைப் பூட்டினார். பங்குனி வெயில். உச்சிக்குப் பிறகு குழாயைத் திறந்தார். புறங்கையை வைத்தார். "ஐயோ அம்மா!" என்று உதறினார். அதைவிடச் சந்தோஷமான அலறலை அந்த விடுதியில் நான் கேட்டதில்லை, அது அலறல் கேட்கிற இடமாக இருந்தும்.

"கொண்டு வாங்கோ பிள்ளை பெத்தவளை! கொதி தண்ணி!"

அன்றைக்கு விடுதியில் புளியங்கூடலிலிருந்து வந்து மகளுக்குத் துணை நின்ற ஒரு அம்மா இருந்தா. வாசலுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றா.

"அண்ணை, உமக்கு விசரெண்டால் நீர் குளியும். உச்சியிலை பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணி வாக்கிறதோ? என்ரை பிள்ளைக்குக் காத்துக் கறுப்புச் சேரவோ?"

பொயிலர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? சைவக்காரரும் வார்ப்பதில்லை, எங்கள் வேதக்காரரும் வார்ப்பதில்லை. வெயில் ஏற முதல், காலையில் வார்த்து முடிக்க வேண்டும். அவருடைய தண்ணீர் சுடுவதோ உச்சிக்குப் பிறகு. காலையில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்.

அவர் கிணற்றுக்கட்டில் போய் இருந்தார். சுட்ட புறங்கையை வாளித் தண்ணீருக்குள் விட்டார்.

"வெயிலைக் கேட்டன். இரும்பைக் கேட்டன். சங்கத்தைக் கேட்டன்" என்றார் பிறகு. "பொம்பிளையளைக் கேக்கேல்லை, மிஸ். மகள் காலமை நடுங்கினதைக் கண்ணாலை கண்டும் கேக்கேல்லை."

மற்றவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். இவர் உச்சிச் சூட்டைக் காலை வரைக்கும் பிடித்துவைக்க வழி தேடினார். சின்னத் தகரப் பீப்பாயைப் பெரிய மரப் பீப்பாய்க்குள் இறக்கி, நடுவில் வைக்கோலும் பனந்தும்பும் அடைத்தார். சாக்கால் சுற்றினார். மேலே மூட என் விடுதித் தலையணையைக் கேட்காமல் எடுத்தார். முதல்நாள் ஒரு ஆடு வந்து வைக்கோலைத் தின்றுவிட்டு, போகும்போது கண்ணாடி ஒன்றில் காலையும் வைத்துவிட்டுப் போனது. "பாத்தியளோ? இது கூரைக்குத்தான் போகவேணும்" என்று அதையும் தன் கட்சிக்குச் சாட்சியாக்கினார். புதுக் கண்ணாடிக்கு இன்னொரு வீட்டு முருகன் போனார்.

அந்தக் கண்ணாடி பூட்டிய மறுநாள் காலை. அதே புளியங்கூடல் அம்மா குழாயடியில் நின்றா, கையைக் கட்டிக்கொண்டு. நான் குழாயைத் திறந்தேன். வாளிக்குள் முழங்கையை வைத்தேன். பொயிலர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். உள்ளே வரக்கூடாதே.

"மிஸ், எப்பிடி?"

நான் பேசமுன் அந்த அம்மா கையை விட்டுப் பார்த்தா. திரும்பி வேலியைப் பார்த்துச் சொன்னா: "சூடு கூட, அண்ணை. பச்சைத் தண்ணி கலக்கவேணும்."

"கலக்கவேணுமோ?"

"ஓம். கலக்காமல் வாக்க ஏலாது."

அன்றைக்கு மகளுக்கு இலை போட்டு வார்த்தோம். புகை இல்லை. அவள் நடுங்கவில்லை. அப்படியே நித்திரையாகிப் போனாள். பொயிலர் சைக்கிளில் ஏறி ஊரெல்லாம் போனார். கண்டவரை எல்லாம் மறித்து, "பச்சைத் தண்ணி கலக்க வேண்டி வந்தது, தெரியுமோ?" என்றார். பலருக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை.

இனிக் கூரையில் ஏற்ற வேண்டியதுதான். அப்போதுதான், சங்கத் தலைவரே, அதுவரை எட்டி நின்ற நீர் கிட்ட வந்தீர். இவ்வளவு பெரிய காரியத்தைச் சும்மா ஏற்ற ஏலாது, திறப்புவிழா வேணும், எம்.பி. வரவேணும், நல்ல நாள் பார்க்கவேணும் என்றீர். அதுவரைக்கும் ஆடு மிதிக்காமல் உமது கொட்டிலில் இருக்கட்டும் என்றீர். மாட்டுவண்டிலில் பெட்டியும் பீப்பாயும் போயின. பொயிலர் பின்னாலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், வண்டில் குலுங்குகிற இடமெல்லாம் வண்டில்காரரைத் திட்டினார்.

நல்ல நாள் வரவில்லை. உமது லண்டன் மருமகன்தான் வந்தார். அவருக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்துப் பழக்கம் இல்லையாம். உமது வீட்டுப் புதுக் குளியலறைக் கூரையில் ஒரு காலை பெட்டி ஏறியிருந்தது. நான் பஸ்ஸில் போகும்போது கண்டேன். ஓடிப்போய்ப் பொயிலரிடம் சொன்னேன். அவர் சைக்கிளை எடுத்தார். நானும் என் சைக்கிளில் பின்னால் போனேன். இன்றைக்கு இந்தத் தலைவரின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் உமது வளவுக்குள் போனார். இடுப்பு மணியை அடித்தார். அடித்துவிட்டு ஏணியில் ஏறினார். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நீர் பெட்டியை வடக்கே பார்க்க வைத்திருந்தீர். அவர் அதைச் சுற்றி ஒருதரம் பார்த்தார். பிறகு மூச்சுப் பிடித்து நகர்த்தித் தெற்கே திருப்பினார். நீர் இடுப்பில் கட்டின சாரத்தோடு ஓடிவந்தீர்.

"இறங்கும்! பொலிசைக் கூப்பிடுவன்."

"கூப்பிடும் தம்பி. வரேக்கை ஒரு சுத்தியலும் கொண்டுவரச் சொல்லும். இந்தக் கால் ஆடுது."

அவர் இறங்கி வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் திருத்தினீங்கள்? உடைச்சிருக்க வேணும்."

"சனத்தின்ரை கண்ணாடியெல்லோ, மிஸ். எப்பிடி உடைக்கிறது? கள்ளன்ரை கூரையிலை விழுந்தாலும் வெயில் வெயில்தானே. அங்கை நிண்டு வீணாப் போகுது."

பிறகு உம்மைப் பார்த்துச் சொன்னார்: "உம்மடை வீட்டிலை கொஞ்சப் பேர்தான். பீப்பாயிலை மிச்சம் வரும். காலமை விடுதிக்கு ஒரு வாளி தாரும்."

நீர் "பாப்பம்" என்றீர்.

நீர் பார்க்கவில்லை. உமது மனைவி பார்த்தா. அவ இப்போது இல்லை, அதனால் எழுதுகிறேன். விடுதியில் ஒருத்தி பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று கேள்விப்பட்டால், நீர் எழும்ப முதல், பின்வேலியில் ஓலை பிரித்த பொட்டுக்குள்ளால் ஒரு வாளி சுடுதண்ணீர் வெளியே வரும். பொயிலர் அங்கே நிற்பார். வாளியைச் சாக்கால் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டி, சிந்தாமல் உருட்டிக்கொண்டு விடுதிக்குக் கொண்டுவருவார். வந்ததும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்குத் தருவார். "என்ரை வாயாலைதான் ஊத்துது, மிஸ்" என்பார். அந்தப் பித்தளைக் குழாயைச் சொல்லுகிறார். வயது ஏற ஏறச் சைக்கிளை உருட்டுகிற வேகம் குறைந்தது. தண்ணீர் கொஞ்சம் ஆறித்தான் வந்தது. அதை அவருக்கு நான் சொல்லவில்லை. "கலக்க வேணுமோ?" என்று கேட்பார். "ஓம், கலக்க வேணும்" என்பேன்.

ஒரு சித்திரையில், முற்றத்தில் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். செத்தவீட்டுக்குப் பழைய மேளகாரர்தான் வந்தார். அவர் ஓலை கேட்கவில்லை. மேளத்தைக் கொண்டுபோய் வெயிலில் வைத்தார். தோல் இறுக நேரம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. மேளகாரர் இடைக்கிடை போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

அவருக்குப் பிறகு ஆயா போய் வாளியை எடுத்துவந்தா. உமது மனைவியும் போன பிறகு வாளி நின்றது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். விடுதியில் இன்றைக்கும் காவோலைதான் எரிகிறது. போன மழைக்கும் ஒருத்தி நடுங்கிக்கொண்டு கிடந்தாள் என்று ஆயா சொன்னா. உமது மருமகன் லண்டனுக்குத் திரும்பிப்போய்க் கனகாலம். உமது பிள்ளைகளும் கொழும்பில். அந்தப் பெட்டியில் தினமும் சுடுகிற தண்ணீரில் நீர் ஒருவர் குளிக்கிறீர். மிச்சம் ஆறுகிறது.

இறக்குமதிக்கு நாடு திறந்துவிட்டது. கடையில் இப்போது கண்ணாடி கிடைக்கிறது. என் திரு இருதய நாதர் படத்துக்கு நான் கண்ணாடி போடவில்லை. அவருடைய கண்ணாடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மூலையில் வளைந்த கீறல். பஸ் உமது வளவின் தெற்குப் பக்கம் திரும்பும்போது தெரிகிறது.

நீர் எனக்குத் தனியாகக் கடிதம் போடவேண்டாம். ஆளை அனுப்பிச் சமாதானம் பேசவேண்டாம். பொன்னாடை வாங்கிய அதே மண்டபத்தில், அதே சனத்துக்கு முன்னால் எழும்பி நின்று சொல்லும். பெட்டி யார் செய்தது? யாருக்குச் செய்தது? விடுதிக் கூரைக்கு அது எப்போது போகும்? ஏற்றுகிற அன்று அது தெற்கைப் பார்க்க வேண்டும். ஏறுகிறவர் முதலில் மணி அடிக்க வேண்டும். உள்ளே பெண்கள் காத்திருப்பார்கள்.

பதில் சொல்லும்.